பொய்யா வானத்தின் கீழே

திருவள்ளுவர் கடவுளை வாழ்த்திய கையோடு அடுத்த அதிகாரத்திலேயே மழையை வைத்ததும், வானம் வறண்டுபோனால் இவ்வுலகில் தேவர்களுக்குப் பூசையும் இல்லை, திருவிழாவும் இல்லை என்று தயக்கமின்றிச் சொல்லிவைத்ததும், மழை எந்த வருஷம் கைவிடுமோ என்று அண்ணாந்து பார்த்தே ஆயுளைக் கழித்த ஒரு ஜனசமூகத்தின் அநுபவத்திலிருந்து பிறந்த தத்துவம் என்பதை நாம் மறக்கலாகாது. இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகளிலும், புதுக்கோட்டைச் சீமையின் வானம் பார்த்த பூமியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தும், வீடு வீடாக மழைக்கஞ்சி எடுத்தும், அதற்கும் மேகம் இரங்காதபோது கொடும்பாவி கட்டி இழுத்தும், கோயில் திருக்குளத்தில் கழுத்தளவு நீரில் நின்று வருண ஜபம் செய்வித்தும் தங்கள் பக்தியை வளர்த்தவர்கள். அவர்களுடைய தெய்வ சிந்தனையின் அடிவாரத்தில் ஓர் அச்சம் எப்போதும் ஈரமில்லாத மண்ணாகக் கிடந்தது. மழை பொய்க்கக்கூடியது என்பதனாலேயே அது தெய்வம் தருவது என்று அவர்களுக்குத் தோன்றிற்று.

அந்த மக்களின் சந்ததியார் கப்பலேறி, சிங்கப்பூர் என்னும், மழை பொய்க்காத ஒரு தீவுக்கு வந்து குடியேறி இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்னோடித் தமிழரான நாராயண பிள்ளை 1819-ல் இங்கே வந்து இறங்கியதும், 1827-ல் சௌத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மனுக்குக் கூரை வேய்ந்த கோயில் ஒன்று எழுந்ததும் சரித்திரப் பிரசித்தமானவை. ஆனால் வறட்சிக்கு அஞ்சிய ஊர்களிலிருந்து வந்தவர்களோடு வந்த அந்தத் தேவி, வறட்சி என்பதே அபூர்வமான இம்மண்ணில், எந்த வேண்டுகோளைக் கேட்டுக்கொண்டு வீற்றிருக்கிறாள் என்ற விசாரம், நகரத்தின் நெரிசலில் எனக்கு அவ்வளவாகத் தோன்றியதில்லை. சிராங்கூன் சாலையில் மழை வந்தால் பூக்கடைக்காரர் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடுகிறார், நடப்பவர் கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதைக்குள் ஒதுங்குகிறார், அரைமணியில் எல்லாம் பழையபடி நடக்கிறது. அங்கே மழை ஓர் இடைஞ்சல், அவ்வளவே. அக்கேள்வி தன் முழு உருவத்தோடு எதிரே வந்து நிற்பது தீவின் வடமேற்கு மூலையில், கிராஞ்சியில்தான்.

ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி கிடக்கும் அந்தப் பிரதேசம், சிங்கப்பூரில் இன்னமும் நாட்டுப்புறம் என்று சொல்லத்தக்க மிகச் சில இடங்களில் ஒன்று. கீரைத் தோட்டங்களும், தவளைப் பண்ணையும், ஆட்டுப் பண்ணையும், ஒரு பெரிய நீர்த்தேக்கமும், அலையாத்திக் காட்டோடு கூடிய சுங்கை பூலோ சதுப்பு நிலமும், இரண்டாம் உலகப் போரின் பெரும் துயரத்தில் மாண்டவர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கும் போர் நினைவகமும் அங்கே ஒன்றுக்கொன்று அதிக தூரமின்றி அமைந்திருக்கின்றன. பக்கத்திலே, தொழிற்கூடங்கள் மிகுந்த சுங்கை காடுட்டில், ஸ்ரீ அரசகேசரி சிவன் கோயில் இருக்கிறது. கிராஞ்சி பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைகூட எட்டாத வடக்கில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே பத்து நிமிஷம் அளவுக்கே வித்தியாசம். தீவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இராமநாதபுரத்தின் மழையைப்போல் இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆண்டில் ஏறக்குறைய 170 நாட்கள் மழை நாட்கள். மிகவும் வறண்டது என்று பெயரெடுத்த பிப்ரவரிகூடச் சராசரியில் நூறு மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை. டிசம்பரிலோ முந்நூற்றைத் தாண்டிவிடும்.

பருவங்கள் இல்லாமல் இல்லை. மார்கழியும் தையும் வடகிழக்குக் காற்றின் காலம். தென்சீனக் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று நாட்கணக்கில் விடாமழையைக் கொண்டுவரும். மாசி பிறந்து சில வாரங்கள் அதே காற்று ஈரத்தை உதறிவிட்டு வறட்டு வெயிலோடு வீசும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் காற்று திசை மாறும் இடைக்காலம். அப்போது பிற்பகல் இடிமழை தினசரி விருந்தாளி. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று. ஆயினும் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது ஆறையும் மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே போகிறவன் ஏமாற்றமே அடைவான். மாதத்துக்கு மாதம் சராசரி வெப்பம் இரண்டு பாகைக்கு மேல் வேறுபடுவதில்லை. ஆனால் ஒரே நாளின் விடியலுக்கும் பிற்பகலுக்கும் நடுவே ஏழெட்டுப் பாகை வேறுபடுகிறது. பெரும்பொழுது சுருங்கிச் சிறுபொழுதுக்குள் புகுந்துகொண்ட நிலம் அது. விடியலில் நீர்த்தேக்கத்தின்மேல் முன்பனிபோல ஆவி படர்ந்திருக்கும், நண்பகலில் முதுவேனில், மூன்று மணிக்கு மேற்கே கருத்துத் திரண்டு கார், மழை விட்டபின், தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளைக் கூப்பிக்கொள்ளும் அந்தியில், தவளைகள் எல்லாம் ஒரே குரலாகத் தொடங்கும்போது கூதிர். ஓர் ஆண்டின் சுழற்சியை இருபத்துநான்கு மணி நேரத்தில் ஓதி முடித்துவிட்டு, மறுநாள் முதலிலிருந்து தொடங்குகிறது வானம்.

இத்தகைய வானத்தின்கீழ் மார்கழி பிறக்கிறது. சிவாலயங்களில் திருவெம்பாவையும் பெருமாள் சந்நிதிகளில் திருப்பாவையும் ஓதப்படுகின்றன. இவ்விரண்டு நூல்களிலும் மழையை வேண்டும் பாசுரம் ஒன்று உண்டென்பது தமிழர் யாவரும் அறிந்தது. கடல் நீரை முகந்து மேலேறி, கறுத்து, மின்னி, இடித்து, பொழியவேண்டும் என்று மேகத்தை நோக்கிப் பாவை நோன்பினர் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் மார்கழியின் பெரும்பகுதி, ஆண்டிலேயே மிகுதியாக மழை கொட்டும் காலம். ஏழு மணி அளவில்தான் சூரியோதயம். அதற்கு முன்னே இருட்டில், தகரக் கூரையின்மேல் மழை அறைந்துகொண்டிருக்க, ஓதுவார் அந்த ஓசைக்கு மேலே குரலை உயர்த்தி மழைக்காக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கொண்டு நிற்பவர்களின் குடைகள் வாசலில் வரிசையாகச் சாய்ந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு குட்டை தேங்கியிருக்கிறது. பெய்துகொண்டிருப்பதைப் பெய் என்று கேட்பது எப்படிப் பிரார்த்தனையாகும்?

இதற்கு இரண்டு சமாதானங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். ஓதவேண்டிய நாளில் ஓதவேண்டியதை ஓதுகிறோம், பொருளை ஆராய்வது நம் வேலையன்று என்பது ஒன்று. நியதிக்குள்ள கௌரவத்தை நான் குறைத்து மதிப்பவனல்லன்; ஆனால் பொருளைக் கைவிட்ட நியதி எத்தனை தலைமுறை நிற்கும் என்ற ஐயம் எனக்கு உண்டு. தாய்நாட்டில் மழையில்லாத நம் உறவினருக்காக இங்கிருந்து நாம் வேண்டிக்கொள்கிறோம் என்பது மற்றொன்று. இது நல்ல உள்ளத்திலிருந்து வரும் விடை. ஆயினும் அது இந்த மண்ணை வெறும் தங்குமிடமாக்கி, தெய்வத்தின் சாந்நித்தியத்தைக் கடலுக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. இங்கே பிறந்து, இங்கேயே கண்மூடப்போகிற குழந்தைக்கு, அதன் தலைமேல் விழும் மழையைப்பற்றி நம் சமயம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லையா?

இல்லை என்று சொல்ல நான் உடன்படேன். தாய்நாட்டில் சொல்லப்படாத ஒன்றை இங்கே சொல்வதற்கு வாய்த்திருக்கிறது என்றே எண்ணுகிறேன். யாகத்தினால் மழையும், மழையினால் அன்னமும், அன்னத்தினால் பிராணிகளும் உண்டாகின்றன என்ற கீதையின் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். மனிதன் கொடுக்கிறான், தேவர்கள் பதிலுக்குக் கொடுக்கிறார்கள்; இந்தக் கொடுக்கல் வாங்கலில் உலகம் நடக்கிறது. மழை தவறும் நாட்டில் இக்கொள்கைக்குப் பிரத்தியட்சமான ஓர் ஆதாரம் இருப்பதுபோலத் தோன்றும்: மழை வந்தால் பூசை பலித்தது, வராவிட்டால் எங்கோ அபசாரம் நேர்ந்தது. கிராஞ்சியில் இக்கணக்கு எழுதவே இடமில்லை. எவரும் யாகம் செய்யாத வாரத்திலும் அங்கே மழை பெய்கிறது. கோயிலின்மேல் பெய்தது போலவே பக்கத்திலுள்ள மரப்பட்டறையின்மேலும் பெய்கிறது. கேட்டதனால் வந்தது என்று யாரும் மார்தட்ட முடியாத மழை அது. பேரத்துக்கு அப்பாற்பட்ட அருள் ஒன்று உண்டானால், அதற்கு இதைவிட நெருங்கிய உருவத்தை நான் கண்டதில்லை.

சைவ சித்தாந்திகள் அருளைப்பற்றிச் சொன்னது முழுவதும் இங்கே புதிய வெளிச்சத்தில் தெரிகிறது. பதினான்காம் நூற்றாண்டில் திருவருட்பயன் செய்த உமாபதி சிவம், அருளை எங்கிருந்தோ வந்து சேரவேண்டிய ஒன்றாகப் பேசவில்லை. அது உயிரை நீங்காமல், உயிருக்கு உயிராய், எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறது என்கிறார். பெருவெள்ளத்தின் நடுவே நின்றுகொண்டு நா வறண்டு தவிப்பவர்களைப்பற்றியும் அவர் பேசுகிறார். நா வறண்டதற்கு வெள்ளம் குற்றவாளியல்ல. இறைவனுடைய ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று என்று வைத்து, அந்த மறைப்பும் கருணையே என்று நம் ஆசாரியர்கள் துணிந்து கூறியது உலகத்துச் சமயங்களுள் மிக ஆழமான கருத்துகளில் ஒன்றென்பது என் நம்பிக்கை. பல காலம் அந்த மறைப்பை, சூரியனை மேகம் மறைப்பதுபோல, இடையிலே ஏதோ ஒன்று வந்து தடுப்பதாகவே நான் எண்ணி வந்தேன். கிராஞ்சியின் மழையைக் கவனித்தபின் வேறு விதமாகவும் அதைப் புரிந்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது. இடைவிடாமல் கிடைப்பதே ஒரு திரை. நூற்றெழுபது நாள் பெய்யும் மழையை ஒருவனும் பார்ப்பதில்லை.

இதைக் கேட்கும் ஒருவர், அப்படியானால் இழந்தால்தானே அருமை தெரியும், வறட்சிதான் நல்ல ஆசிரியன் என்று சொல்லக்கூடும். இங்கே அதற்கும் ஒரு சோதனை நேர்ந்தது: 2014-ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் தொடர்ந்து மழையில்லாமல் போனது. அவ்வளவு நீண்ட வறட்சி அதற்குமுன் பதிவாகியதில்லை. புல்வெளிகள் வைக்கோல் நிறமாயின. என்றும் பச்சை என்று நம்பியிருந்த தீவு சில வாரங்களில் வேறு தேசமாகிவிட்டதைக் கண்டு ஜனங்கள் வானத்தைப் பார்த்தார்கள். மழை திரும்பியதும் மகிழ்ந்தார்கள். சில நாட்களில் மறந்தும் போனார்கள். இழப்பு கற்பித்த பாடம் இழப்பு நீங்கியதும் நீங்கிவிடுகிறது. அச்சத்தினால் வந்த பக்தியின் ஆயுள் அச்சத்தின் ஆயுளே. ஆகையால் இறைவன் நமக்குக் கற்பிப்பதற்காகவே மழையை நிறுத்துகிறான் என்னும் வாதம் எனக்கு உவப்பானதன்று. தவறாத மழை பக்தனிடம் கேட்பது இதைவிடக் கடினமானது: கிடைக்காமல் போகும் என்ற பயம் சிறிதுமின்றி, கிடைத்துக்கொண்டே இருப்பதைக் கண்டு வணங்கு என்கிறது.

சிங்கப்பூரின் நீர்ச் சரித்திரம் இந்த விசாரத்துக்கு எதிர்பாராத உதவி செய்கிறது. இவ்வளவு மழை பெய்யும் தீவு, தண்ணீருக்குத் தவித்த தீவும் ஆகும். 1963 ஏப்ரலில் தொடங்கிப் பத்து மாத காலம் இங்கே தண்ணீர் பங்கீட்டு முறையில் தரப்பட்டது. இன்றும் ஜொகூரிலிருந்து குழாய் வழியே நீர் வருகிறது. அதற்கான 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை செல்லும். 1963-ல் வானம் சற்றே கை சுருக்கியது உண்மை. ஆனால் ஒரு சிறு சுருக்கத்தையும் தாங்கமுடியாமல் போனதற்குக் காரணம், பெய்ததையெல்லாம் ஏந்திக்கொள்ளத் தீவில் போதிய ஏனம் இல்லாமையே. குறுகிய ஆறுகள் பெற்றதைச் சில மணி நேரத்தில் கடலுக்குக் கொடுத்துவிட்டன.

கிராஞ்சி ஆறும் அப்படிப்பட்டதே. கடல் ஏறினால் உப்பாகவும், வடிந்தால் சேறாகவும், இருபுறமும் அலையாத்தி மரங்கள் வேரூன்றிய கழிமுகமாக அது இருந்தது. 1975-ல் அதன் முகத்துவாரத்தை அணைகட்டி அடைத்தார்கள். கடலை வெளியே நிறுத்தியதோடு மனிதர்களின் வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. மீதியைச் செய்தது மழை. உள்ளே நின்ற உப்புநீரை யாரும் ஒரேயடியாக இறைத்துவிட்டு நன்னீரை நிரப்பவில்லை. முன்பு பெய்துகொண்டிருந்த அதே மழைதான் பெய்தது. போகும் வழி அடைபட்டதால் தங்கிற்று. தங்கியதால் உப்பைச் சிறிது சிறிதாகத் தள்ளிற்று. படிப்படியாக அந்த நீர் குடிநீருக்கு ஆதாரமாயிற்று. உயிரைப் பற்றிய மலம் பக்குவப்பட்டு நீங்குவதை, மலபரிபாகம் என்று நம் சாத்திரங்கள் சொல்வதை, இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கிய உவமை வேறில்லை. பக்குவம் பெற்ற உயிர்மேல் புதியதோர் அருள் வந்து விழுவதில்லை. ஆதியிலிருந்து விழுந்துகொண்டிருந்ததே, கடலோடு கலந்து ஓடும் வாசல் ஒன்று அடைபட்டதும், உள்ளே நின்று வேலை செய்கிறது. அணையின்மேல் செல்லும் கிராஞ்சி வே சாலையில் நின்று பார்ப்பவர், ஒரு புறத்தில் அல்லி படர்ந்த நன்னீரையும் மறுபுறத்தில் நீரிணையின் உப்பையும் ஒரே நோக்கில் காணலாம். இரண்டின்மேலும் விழுவது ஒரே மழை.

இந்த இனிமைக்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. உப்பில் வாழப் பிறந்த அலையாத்தி மரங்களுக்கு அணைக்குள் இடமில்லாமல் போயிற்று. தாழ்ந்த நிலங்களில் நீர் ஏறி நின்று நன்னீர்ச் சதுப்பு உண்டாகி, இன்று நீலத் தாழைக்கோழிகள் அங்கே கோரைப்புல்லின் நடுவே நடமாடுகின்றன. ஒன்று போய் ஒன்று வந்ததென்று ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் போனது போனதுதான்.

மறைந்து நிற்பதைக் காணும் கண் எங்கிருந்து வரும் என்று தேடும்போது, மனிதனைவிடக் கிராஞ்சியின் மற்ற உயிர்களே எனக்கு நல்ல வழிகாட்டிகளாகத் தோன்றுகின்றன. சாலையோர மரங்களின் கிளைப் பிளவுகளில் புறா ஆர்க்கிட் என்னும் ஒரு வகைச் செடி ஒட்டி வளர்கிறது. பூவில்லாத நாட்களில் அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காய்ந்த குச்சிக் கட்டுப்போலிருக்கும். அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். பிறகு ஒரு நாள் பெருமழை வந்து காற்றைச் சட்டென்று சில பாகை குளிரவைக்கும். அந்தக் குளிர்ச்சி பட்டதும் மொட்டுகள் மீண்டும் வளரத் தொடங்கி, ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்திலுள்ள செடிகள் எல்லாம் ஒரே விடியலில், வெள்ளைப் பூக்களாக, இறகு விரித்த புறாக்கூட்டம்போல மலர்ந்துவிடும். மணம் நிறைந்த அந்தப் பூவுக்கு ஒரு பகலே ஆயுள். அந்தி வருமுன் வாடத் தொடங்கும். ஆண்டு முழுவதும் நனைந்துகொண்டே இருக்கும் செடி, இத்தனை மழைகளுக்குள் இந்த மழை என்று ஒன்றைப் பிரித்து அறிந்துகொள்கிறது. பருவமே இல்லாத நாடு என்று நாம் சலித்துக்கொள்ளும் இடத்தில் அது ஒரு திருநாளைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. சுங்கை பூலோவின் சேற்று நிலத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் வாக்கில் சைபீரியாவிலிருந்து வந்து இறங்கும் பவளக்காலி உள்ளான்களும் உப்புக்கொத்திகளும், மார்ச்சு வாக்கில் திரும்பிச் செல்லும் நாளைத் தவறவிடுவதில்லை. நம் ஐம்புலன்களுக்கு எட்டாத ஏதோ ஒன்று அவற்றுக்குக் காலத்தை உரைக்கிறது.

காலம் ஒன்றே, அகண்டமானது, அதைப் பகுதி பகுதியாகக் காட்டுவன சூரிய சஞ்சாரம் முதலிய உபாதிகளே என்று வைசேஷிகர் சொன்னார்கள். உபாதிகள் உரத்துப் பேசும் நாட்டில் காலத்தை உணர முயற்சி தேவையில்லை. இலை உதிரும், பனி விழும், மாமரம் பூக்கும், அறுவடை நடக்கும். உபாதிகள் மெல்லப் பேசும் நாட்டில் செவி கூர்மையாகவேண்டும். மார்கழி நோன்பும் தைப்பூசத்துக் காவடியும் ஐப்பசியில் மாரியம்மன் கோயில் தீமிதியும் இங்கே வாடாமல் நிற்பதற்கு, ஊர்ப் பழக்கத்தை விடமாட்டோம் என்ற பிடிவாதம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. வானம் கோடு கிழித்துத் தராத இடத்தில் மனிதர்கள் விரதத்தினால் கோடு கிழித்துக்கொள்கிறார்கள். தை மாதப் பொங்கலன்று சூரியனைக் காணாமல் மூட்டத்தை நோக்கிப் பால் பொங்கவிடும் குடும்பங்களை லிட்டில் இந்தியாவிலும் அடுக்குமாடி வீடுகளிலும் பார்க்கலாம். மறைந்திருக்கிறவன் அங்கேதான் இருக்கிறான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. அந்தத் திடத்தைச் சிரத்தை என்ற சொல்லால் அன்றி வேறெதனால் குறிப்பது?

இதுவரை சொன்னதில் மழையின் ஒரு முகமே வந்தது. மற்றொரு முகத்தைக் கிராஞ்சியின் தோட்டக்காரர்களிடம் கேட்கவேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமாத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் பிறந்து கிழக்கே ஓடிவரும் புயற்காற்று வரிசை ஒன்று உண்டு. ‘சுமாத்ரா’ என்றே அதற்குப் பெயர். விடியுமுன் வந்து தாக்கும். மேற்கிலிருந்து வருவதால் தீவின் மேற்குப் பகுதி அதை முதலில் ஏற்கிறது. கிராஞ்சிக்குத் தெற்கேயுள்ள தெங்காவில் 1984 ஏப்ரல் 25 அன்று வீசிய காற்றின் வேகம் மணிக்கு 144 கிலோமீட்டர்; சிங்கப்பூரில் பதிவானவற்றுள் அதுவே பெரிது. அவ்வளவு பெரியது அடிக்கடி வருவதில்லை. சாதாரணமான ஒரு சுமாத்ராவே போதும், சாய் சிம் கீரைப் பாத்தியைத் தரையோடு படுக்கவைத்து, வலைக்கூடாரத்தின் கம்பங்களைச் சாய்த்து, நாளை தேக்கா சந்தைக்குப் போகவேண்டியதை அழுகலாக்கிவிட.

சித்தாந்தம் இதற்கும் விடை வைத்திருக்கிறது. அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இரண்டாகப் பிரித்து, தண்டிப்பதும் கருணையின் வேறு வடிவமே என்கிறது. வள்ளுவரும் கெடுப்பது மழை, கெட்டவர்க்குத் துணையாய் நின்று எடுப்பதும் மழை என்று ஒரே மூச்சில் கூறினார். எனக்கு இக்கொள்கையில் நம்பிக்கை உண்டு. ஆனால் அதை எந்த இடத்தில் யார் சொல்வது என்பதில்தான் கவலை. சாய்ந்த பாத்தியருகே குனிந்து, சேறு படிந்த கீரையில் எது தேறும் எது தேறாது என்று ஒவ்வொரு செடியாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் போய், இதுவும் அருளே ஐயா என்று சொல்வது பாவம் என்றே கருதுகிறேன். போர் நினைவகத்தின் சுவர்களில் உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவரவர் சமய விதிப்படி எரியூட்டப்பட்டவர்களுக்கென ஒரு தனி நினைவுச் சின்னமும் அங்கே உண்டு. ஏறத்தாழ 800 பேருக்கான அச்சின்னத்தில் பெரும்பாலோர் பிளவுபடாத இந்தியாவின் படைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களை ஈன்றவர்களின் முன்னே நின்று மறக்கருணை என்ற சொல்லை உச்சரிக்க எந்த ஞானிக்கு நாக்கு எழும்? தன் பாத்தி சாய்ந்தபோது தனக்குத்தானே ஒருவன் அதைச் சொல்லிக்கொள்ளலாம். அந்த எல்லைக்கு அப்பால் அது தத்துவம் அன்று; இரக்கமின்மை.

இந்த இடத்தில் திருப்பாவையின் மூன்றாம் பாசுரம் எனக்கு மிகவும் வேண்டியதாகிறது. மழையை அழைக்கும் நான்காவதுக்கு முன்னே நிற்பது அது. மாதம் மும்முறை மழை பெய்யட்டும் என்று கேட்கும் ஆண்டாள், அதற்கு முன்பே ஒரு நிபந்தனை வைத்துவிடுகிறாள்: நாடெங்கும் தீங்கின்றிப் பெய்யவேண்டும். அடுத்த பாசுரத்திலும், அம்பு மாரிபோலப் பொழியட்டும் என்று உக்கிரமாகக் கேட்டுவிட்டு, உலகம் வாழும்படி என்று அதற்கு எல்லை கட்டுகிறாள். மழை பெய்யாத ஊரில் இருந்து ஓதும்போது நம் காது பெய்யவேண்டும் என்ற பகுதியிலேயே நின்றுவிடுகிறது. தீங்கின்றி என்பது ஒரு மங்கலச் சொல்லாகக் கடந்துபோகிறது. மாதத்தில் மும்மாரிக்குப் பதில் பாதி நாட்களுக்கு மேல் மழை கொட்டும் மார்கழியில், கிராஞ்சிக்கு அருகே நின்று கேட்பவனுக்கோ அந்த நிபந்தனையே பாசுரத்தின் பிராணன். பெய்வதைப் பெய் என்று கேட்கும் விண்ணப்பம் அல்ல அது. பெய்வது எவரையும் கெடுக்காமல் பெய்யட்டும் என்னும் விண்ணப்பம். அதுவும் தன் வயலுக்காக அல்ல, நாடெல்லாம் என்று. கோயிலுக்கு வராத தோட்டக்காரர், வேறு தெய்வத்தைத் தொழுகிறவர், எந்தத் தெய்வத்தையும் தொழாதவர் எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

கிராஞ்சித் தோட்டங்களில் கீரை ஒரு மாத அளவில் அறுவடைக்கு வந்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கவேண்டிய கட்டாயம் அங்கே கிடையாது. சுமாத்ரா ஓய்ந்த வாரத்திலேயே சாய்ந்த பாத்தியைக் கொத்திப் புரட்டி, புது விதை தூவி, வலையைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். தூவிய விதை கரைந்துபோகாத அளவுக்கு, முதல் நான்கைந்து நாட்கள் மெல்லப் பெய்தால் போதும்.